வீட்டு வரைபடத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்? தொகையைக் கேட்கும் முன் தாள்களை எண்ணுங்கள்

எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏழாவது படியில் கால் வைக்கும்போது தலையைக் குனிய வேண்டும். படிக்கும் மேலே குறுக்கே ஓடும் பீமுக்கும் இடையே ஐந்தரை அடிதான் இருக்கிறது. விருந்தாளி யாராவது மாடிக்குக் கிளம்பினால், அடுப்படியிலிருந்தே அம்மா "தலை பத்திரம் சாமி" என்று குரல் கொடுத்துவிடுவார். திருப்பூர் மாவட்டம் குண்டடம் பக்கம் அந்த வீட்டைக் கட்டியபோது வரைபடத்துக்கு நான் கொடுத்தது 8,000 ரூபாய். கைக்கு வந்தது ஒரே ஒரு தாள். அறைகள் எங்கே, கதவு எங்கே என்று மேலிருந்து பார்த்தபடி வரைந்த தாள். வீட்டை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று காட்டும் வெட்டுத் தோற்றம் அதில் இல்லை. இருந்திருந்தால், அந்த பீம் தலையில் இடிக்கும் என்பது காகிதத்திலேயே தெரிந்திருக்கும். மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனேன். "ஏனுங்க, நீங்கள் கொடுத்த தாளில் இருப்பதைத்தானே கட்டினேனுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

போன ஆண்டு என் தங்கை வீட்டுக்காரர் வீடு கட்டக் கிளம்பியபோது, நாங்கள் இருவரும் உட்கார்ந்து இந்தக் கணக்கை முறையாகப் பார்த்தோம். அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: யாரிடம் போகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் வரைபடம் போடுபவர் எல்லோருக்கும் "இன்ஜினியர்" என்றுதான் பெயர். உண்மையில் இவர்கள் நான்கு வகை. சொன்னதை வரைந்து தருபவர் வரைவாளர். கட்டுமானத்தையும் ஒப்புதல் வேலையையும் பார்ப்பவர் சிவில் இன்ஜினியர். இடத்தை எப்படிப் பயன்படுத்துவது, வெளிச்சமும் காற்றும் எந்தப் பக்கமிருந்து வரும் என்று வடிவமைப்பவர் ஆர்க்கிடெக்ட். கம்பி எத்தனை, அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று கணக்கிடுபவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். நால்வருக்கும் கட்டணம் வேறு வேறு. ஒருவரின் கட்டணத்தை மற்றவரின் கட்டணத்தோடு ஒப்பிடுவது, சித்தாள் கூலியையும் ஆசாரி கூலியையும் ஒப்பிடுவது போல.

1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை "ஆர்க்கிடெக்ட்" என்று அழைத்துக்கொள்ளலாம். பதிவு எண் சி.ஏ. என்று தொடங்கி, பதிவான ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்து வரும். கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். கவுன்சிலின் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். ஆனால் ஒன்று: அந்தச் சட்டம் காப்பது "ஆர்க்கிடெக்ட்" என்ற பெயரைத்தான், தொழிலை அல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதாவது, நல்ல சிவில் இன்ஜினியர் ஒருவர் உங்கள் வீட்டை வடிவமைப்பதில் சட்டத் தடையில்லை. ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்டினால்தான் தப்பு.

"வரைபடம் இலவசம், கட்டும் வேலையை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள்" என்று சொல்லும் காண்டிராக்டரும் உண்டு. அந்த இலவசம் சதுர அடி விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், வேலையைச் சரிபார்க்க வேண்டியவரும் வேலை செய்பவரும் ஒரே ஆளாகிவிடுவது. நான் இதை ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இரண்டாம் படி: தாள்களை எண்ணுங்கள்

"எவ்வளவு ஆகும்?" என்பது இரண்டாவது கேள்வி. "எத்தனை தாள் தருவீர்கள், எவையெவை?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் எழுத்தில் வரட்டும்.

ஒரு சாதாரண வீட்டுக்குத் தேவைப்படுபவை இவை: ஒவ்வொரு தளத்துக்கும் அளவுகளோடு தரைப்படம், நான்கு பக்க முகப்புத் தோற்றம், குறைந்தது இரண்டு வெட்டுத் தோற்றம், அதில் ஒன்று மாடிப்படி வழியாகச் செல்ல வேண்டும், கதவு ஜன்னல் அட்டவணை, அடித்தளம், தூண், பீம், கான்கிரீட் தளம் ஆகியவற்றின் கம்பி விவரம், மின் இணைப்புப் படம், தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போகும் படம், அடுப்படிக்கும் குளியலறைக்கும் தனித்தனி விவரப்படம். இவ்வளவும் சேர்ந்தால் இருபது தாள்களைத் தாண்டிவிடும். உள்ளாட்சி ஒப்புதலுக்குக் கொடுக்கும் படம் இந்த வரிசையில் ஒரு தாள் மட்டுமே. அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு வீடே கட்டிவிடுவதுதான் நம் பக்கத்து வழக்கம்.

மின் படம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் அடுப்படிக் கதை. பூச்சு முடிந்து டைல்ஸும் ஒட்டிய பிறகுதான் கிரைண்டருக்கு பிளக் பாயிண்ட் இல்லை என்று தெரிந்தது. சுவரை வெட்டினார்கள். பிறகு மிக்சிக்கு ஒரு முறை. பிறகு தண்ணீர் சுத்திகரிப்பானுக்கு ஒரு முறை. அதே நிற டைல்ஸ் கடையில் தீர்ந்துபோயிருந்ததால், இன்றும் அந்தச் சுவரில் நான்கு டைல்ஸ் மட்டும் வேறு நிறத்தில் பல்லை இளிக்கின்றன.

தாள்களோடு இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் இடத்தைப் பார்த்து யோசித்திருக்கிறாரா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று நம் ஊருக்குக் கிடைத்த சொத்து. உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்தக் காற்றை வீட்டுக்குள் விடவும் வேண்டும், அதே மேற்கு வெயிலை வெளியே நிறுத்தவும் வேண்டும். பழைய தொட்டிக்கட்டு வீட்டில் ஆசாரம் என்ற கூடமும் நடுவாசல் என்ற திறந்த முற்றமும் இந்த வேலையைச் செய்தன. முதல் சந்திப்பிலேயே "மேற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பவருக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுவேன்.

மூன்றாம் படி: மூன்று வகைக் கட்டணத்தையும் ஒரே தராசில் வையுங்கள்

கட்டணம் கேட்கும் முறை மூன்று: கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம், சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தமாக ஒரு தொகை. கவுன்சில் வெளியிடும் வழிகாட்டுக் கட்டண விகிதம் சதவீத முறையில் அமைந்தது. சிறிய வீடுகளுக்குச் சதுர அடிக் கணக்குத்தான் பேச எளிது.

ஒரு எடுத்துக்காட்டு போடுகிறேன். இவை கணக்கு புரிவதற்காக நான் வைத்த எண்கள்; உங்கள் ஊர் விலையை நீங்கள் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வீடு 15 சதுரம், அதாவது 1,500 சதுர அடி. கட்டச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் மொத்தம் 37,50,000.

முதலாமவர் 5 சதவீதம் கேட்கிறார்: 1,87,500. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்ந்து 2,21,250. இரண்டாமவர் சதுர அடிக்கு 100 ரூபாய் கேட்கிறார்: 1,50,000, வரியோடு 1,77,000. மூன்றாமவர் "மொத்தமாக 1,25,000 கொடுங்கள், வரி கிடையாது" என்கிறார். யார் மலிவு? மூன்றாமவர் என்றுதான் தோன்றும்.

இப்போது தாள் பட்டியலை எடுங்கள். முதல் இருவரின் தொகையில் கம்பிக் கணக்கும் முப்பரிமாணப் படமும் தளத்துக்கு வந்து பார்ப்பதும் அடக்கம். மூன்றாமவரிடம் கம்பிக் கணக்கு தனி, சதுர அடிக்கு 25 ரூபாய் வீதம் 37,500. முப்பரிமாணப் படம் 15,000. நேரில் வருவதற்கு ஒரு முறைக்கு 2,500 வீதம் 12 முறைக்கு 30,000. கூட்டினால் 2,07,500. மலிவானவர் இரண்டாமவர்.

சதவீத முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. கிரானைட்டுக்கும் தேக்குக்கும் நீங்கள் ஆசைப்பட்டு வீட்டுச் செலவு 45 லட்சமானால், அவருக்குக் கூடுதல் வேலை இல்லாமலேயே கட்டணம் 2,25,000 ஆகிவிடும். தொடக்க மதிப்பீட்டின் மேல்தான் சதவீதம் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். சதுர அடி முறையிலும் கேளுங்கள்: போர்டிகோ, மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பரப்பில் சேருமா? முழுப் பரப்பா, பாதியா?

நான்காம் படி: கட்டணத்துக்கு வெளியே நிற்கும் செலவுகள்

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் உங்களிடம் அந்த வரியை வசூலிக்க முடியாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு தேவையில்லை. வரி கேட்டால் பதிவு எண் அச்சிட்ட பில் கேளுங்கள்.

மண் பரிசோதனையை யாரும் கட்டணத்தில் சேர்க்கமாட்டார்கள். ஆனாலும் அதைத் தவிர்க்காதீர்கள். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், சுவர் விரிசல் விடும். அங்கே அடித்தளமே வேறு மாதிரி. நான்கடி தோண்டியதும் சுக்கான் பாறை தட்டுப்படும் இடத்தில், பக்கத்து வீட்டைப் பார்த்து ஏழடி தோண்டுவது காசைக் குழியில் போடுவது. இரண்டையும் சொல்வது பரிசோதனை அறிக்கைதான்.

அரசுக் கட்டணம் வேறு, வரைபடக் கட்டணம் வேறு. "எல்லாம் சேர்த்து" என்று ஒரே தொகை சொன்னால் பிரித்துக் கேளுங்கள். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை இருக்கிறது: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு தளம், உயரம் 7 மீட்டருக்குள் என்றால் இணையத்திலேயே உடனடி ஒப்புதல் கிடைக்கும். ஐந்து சென்ட் மனை 2,178 சதுர அடிதான். நம்மில் பலரும் இதற்குள் வந்துவிடுவோம். கட்டணமும் இணையத்திலேயே கட்டி ரசீது எடுக்கலாம். அப்படியிருக்க, ஒப்புதல் "வாங்கித் தருவதற்கு" என்று பெருந்தொகை கேட்டால் எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பயணச் செலவும் உண்டு. கோவையிலிருந்து தாராபுரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஒவ்வொரு வருகைக்கும் கார் வாடகை யாருடையது என்பதைப் பேசாமல் விட்டால் கடைசியில் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

ஐந்தாம் படி: தவணையை வேலையோடு கட்டுங்கள்

முன்பணம் சிறிதாக இருக்கட்டும். தரைப்படம் முடிவானதும் ஒரு தவணை, ஒப்புதல் படமும் கம்பி விவரமும் கைக்கு வந்ததும் ஒன்று, மற்ற எல்லாத் தாள்களும் வந்ததும் ஒன்று. பத்தில் ஒரு பங்கையாவது வீடு முடியும்வரை நிறுத்திவையுங்கள். அந்தப் பங்குதான் அவரைப் பூச்சு வேலைக்கும் வரவழைக்கும். எத்தனை முறை திருத்தம் இலவசம், நேரில் எத்தனை முறை வருவார், எந்தெந்த நாளில் கட்டாயம் வருவார் என்பதையும் எழுதுங்கள். கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டியதைப் பார்க்க வரும் நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியம்.

வாஸ்து பார்ப்பவரையோ வீட்டுப் பெரியவரையோ முதல் தரைப்படத்துக்கே அழைத்துவிடுங்கள். எல்லாத் தாளும் முடிந்த பிறகு பெரியப்பா வந்து "அடுப்படி தென்கிழக்கில் இல்லையே கண்ணு" என்றால், அது திருத்தம் அல்ல, புது வேலை. அதற்கு வரைபடம் போட்டவர் தனியாகக் கேட்பது நியாயம்தான்.

பேரம் பேசலாமா? பேசலாம். தொகையைக் குறைக்கச் சொல்வதைவிட வேலையைக் குறைத்துக் கேளுங்கள். உள் அலங்காரம் வேண்டாம், முப்பரிமாணப் படம் ஒன்று போதும் என்றால் தொகை தானாக இறங்கும். கம்பி விவரத்தையும் வெட்டுத் தோற்றத்தையும் மட்டும் பேரத்தில் வைக்காதீர்கள்.

மாப்பிள்ளை கடைசியில் சதுர அடிக் கணக்குச் சொன்ன ஒருவரிடம் போனார். அவர் சுருட்டி வந்த தாள்களை ஆசாரத்தில் பாயின் மேல் விரித்தார், மொத்தம் 26. முகப்பு எப்படி இருக்கிறது என்று தங்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் மாடிப்படி வெட்டுத் தோற்றத்தைத் தேடி எடுத்தேன். ஏழாவது படிக்கு மேலே ஒரு சின்ன அம்புக்குறி. பக்கத்தில் எழுதியிருந்தது: 7 அடி 3 அங்குலம்.