எழுபது வயதில் இன்னொருவரைப் பார்த்துக்கொள்வது எப்படி

உங்களுக்கே முழங்கால் வலி, பிரஷர் மாத்திரை. இதில் கணவரையோ மனைவியையோ, சில வீடுகளில் தொண்ணூறு தாண்டிய அம்மாவையோ எழுப்பி உட்கார வைப்பதும் நீங்கள்தான். "உங்க உடம்பையும் பார்த்துக்குங்க" என்று எல்லாரும் சொல்வார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் ஒரு தாள் எடுங்கள். நாளைக் காலை நீங்கள் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், வீட்டுக்குள் வரும் ஆளுக்கு என்னென்ன தெரிய வேண்டும்? மாத்திரையின் பெயர், அளவு, நேரம், எது ஒத்துக்கொள்ளாது, விழுங்கும்போது புரையேறுமா, இரவில் எத்தனை தடவை எழுவார், டாக்டர் நம்பர், சாவி இருக்குமிடம். ஒரு பிரதி சுவரில், இன்னொன்று நம்பிக்கையான ஒருவர் கைபேசியில். மாத்திரை மாறினால் அன்றைக்கே திருத்திவிடுங்கள், பழைய தாள் ஆபத்து.

அடுத்து உங்கள் இடுப்பு. தூக்கவே தூக்காதீர்கள். அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வரச் சொல்லி, பாதங்களைச் சற்றுப் பின்னே இழுத்துத் தரையில் ஊன்றவைத்து, முன்னால் குனியச் சொன்னால் பாதி எடை தானாகவே காலுக்கு வந்துவிடும், நீங்கள் தாங்கிக்கொண்டால் போதும். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டாயிற்றா என்று ஒருமுறை பாருங்கள். உங்கள் கழுத்தைப் பிடித்துத் தொங்க மட்டும் விடக்கூடாது. இதையெல்லாம் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்; கேட்காதவரை பெரும்பாலும் அவர்களாகக் காட்டமாட்டார்கள்.

டாக்டரைப் பார்க்கும்போது, "இவரைப் பார்த்துக்கொள்வது நான்தான், எனக்கு வயது 72, என்னால் இதுவரைதான் முடியும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முக்கியமாக டிஸ்சார்ஜுக்கு முன்பே. வீட்டுக்கு வந்தபிறகு சொன்னால் நர்ஸ் ஏற்பாடோ கட்டில் ஏற்பாடோ நடப்பது குதிரைக்கொம்பு. உங்கள் சொந்தப் பரிசோதனைக்கும் அதே நாளில் நேரம் வாங்கிவிட்டால் தள்ளிப்போகாது.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை: 1999இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், துணையைப் பராமரிப்பதில் அழுத்தத்துக்கு ஆளான 66 முதல் 96 வயதுக்காரர்களுக்கு நான்கு வருடத்துக்குள் இறக்கும் அபாயம், பராமரிப்பு வேலை இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தும் அழுத்தமில்லாதவர்களிடம் அப்படிக் குறிப்பிடும்படியான கூடுதல் இல்லை. அதனால் பாரத்தை இறக்கி வைப்பது சுயநலம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சரி, யாரிடம் இறக்குவது? "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பவரிடம் உடனே ஒரு வேலையைக் கொடுங்கள்: வியாழக்கிழமை மூன்று மணி நேரம் இவருடன் உட்காருங்கள் என்று. தூரத்தில் இருக்கும் பிள்ளை பில் கட்டலாம், மருந்து ஆர்டர் செய்யலாம். முதியோர் பகல் பராமரிப்பு மையமோ சில நாள் தங்கவைக்கும் இடமோ கிடைத்தால், நெருக்கடி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே அரை நாள் அனுப்பிப் பாருங்கள். முதல் தடவை கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. மறதிநோய் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசப்போர்ட் என்ற பயிற்சி பராமரிப்பாளர்களுக்காகவே எழுதப்பட்டது. அப்புறம் வங்கி, சொத்து சம்பந்தமான கையெழுத்துகளை அவருக்கு விஷயம் புரிகிற காலத்திலேயே ஒரு வக்கீலிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.