வீல் பேலன்சிங்: வெயிட்டை விழாமல் பொருத்துவது எப்படி

15 அங்குல ரிம்மின் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் 20 கிராம் கூடுதலாக இருந்தால், கார் 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அது ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். ஸ்டீயரிங் நடுங்குவது இதனால்தான். இதைச் சமன்செய்ய ரிம்மில் பொருத்தும் சிறு உலோகத் துண்டுதான் வெயிட். ஒட்டிய வெயிட் ஒரு மாதத்தில் விழுந்தாலும் இதே கதைதான்.

முதலில் பழைய வெயிட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ரிம்முக்குள் காய்ந்த சேறு, டயர் பட்டன்களுக்கிடையே சிக்கிய கல் எதுவும் மிஞ்சக் கூடாது. பேலன்சிங் மெஷினில் (சக்கரத்தைச் சுற்றி, எங்கே எத்தனை கிராம் வேண்டும் என்று காட்டுவது) ஏற்றும்போது நடு ஓட்டைக்குப் பொருந்துகிற கோனைப் (கூம்பு வடிவத் துண்டு) போட்டு இறுக்குங்கள். சக்கரம் நடுவில் உட்கார்ந்ததா என்று சந்தேகமிருந்தால், தளர்த்தி அரைச்சுற்று திருப்பி இறுக்கி மறுபடி சுற்றிப் பாருங்கள். ரீடிங் மாறினால் கோளாறு டயரில் இல்லை, ஏற்றியதில்தான். மெஷினிலிருந்து ரிம்முக்கு உள்ள தூரம், ரிம் அகலம், விட்டம் மூன்றில் ஒன்று தப்பினாலும் அது காட்டும் கிராம் தப்புதான்.

இரும்பு ரிம்முக்கு கிளிப் வெயிட். மெஷின் விளக்கு காட்டும் இடத்தில் (பெரும்பாலும் உச்சியில், 12 மணி நிலை) வெயிட்டின் வளைவு ரிம் விளிம்போடு முழுதாகப் படியும்படி வைத்து, கிளிப்பின் நடுவில் வெயிட் சுத்தியலால் ஒன்றிரண்டு தட்டு. உலோகக் கட்டியின் மேல் அடித்தால் அது நசுங்கும், கிளிப் பிடிக்காது. விரலால் தள்ளினால் நகரக் கூடாது. கழற்றிய கிளிப் வாய் விரிந்திருக்கும். அதையே திரும்ப அடிப்பது சிக்கனமல்ல, சோம்பல். ரிம் விளிம்பின் வடிவத்துக்கு ஏற்ற கிளிப்பாகவும் இருக்க வேண்டும்.

அலாய் ரிம்முக்குப் பெரும்பாலும் ஒட்டும் வெயிட்தான். பட்டையில் 5 அல்லது 10 கிராம் துண்டுகளாக வரும். இங்கேதான் அதிகம் சொதப்புகிறார்கள். பழைய பசையை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, பிரேக் தூசியைத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இன்னொரு தடவை துடைத்துக் காய விடுங்கள். தாளை உரித்தபின் பசையில் விரல் படக் கூடாது. ரிம் சில்லென்றிருந்தால் லேசாகச் சூடேற்றுங்கள். ஒட்டியதும் ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் தனித்தனியாக அழுத்துங்கள். நடுவில் மட்டும் அழுத்தினால் ஓரம் தூக்கி, அந்த இடுக்கில் தண்ணீர் புகும். பசை முழுப்பிடிப்புக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதுவரை பிரஷர் வாஷ் வேண்டாம். சக்கரத்தை காரில் மாட்டியதும் கையால் ஒரு சுற்று சுற்றி, வெயிட் பிரேக் காலிப்பரில் (பிரேக் பேடுகளை அழுத்தும் பகுதி) உரசவில்லை என்று பாருங்கள். ஈயத்தைவிட துத்தநாகமும் இரும்பும் கனம் குறைவு, அதே கிராமுக்குப் பட்டை பெரிதாகும் என்பதால் இது முக்கியம்.

காரில் மாட்டுமுன் மெஷினில் மறுபடி சுற்றும்போது உள், வெளி இரு பக்கமும் 00 (இனி வெயிட் தேவையில்லை) வர வேண்டும். வராவிட்டால் மிச்சம் எங்கே கேட்கிறது என்று கவனியுங்கள். வைத்த இடத்திலேயே கேட்டால் வெயிட் போதவில்லை, நேர் எதிரே கேட்டால் அதிகம். கால்சுற்று தள்ளிக் கேட்டால் கிராம் சரி, இடம்தான் பிசகு: அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், கூடுதல் வெயிட் வைக்காதீர்கள்.

ஒரே பக்கத்துக்கு 60, 70 கிராம் கேட்டால் அடுக்கிக்கொண்டே போக வேண்டாம். காற்றை இறக்கி டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பிப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் குறையும். 00 வந்தும் காரில் நடுக்கம் போகவில்லையா? ஹப் முகத்துத் (காரில் சக்கரம் உட்காரும் பரப்பு) துருவையும், ரிம் வளைவையும் பாருங்கள். அதற்கு எந்த வெயிட்டும் மருந்தல்ல.