கசப்பை உப்பு அடக்குமா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

1997இல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரெஸ்லினும் போஷாம்பும் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். கசக்கும் யூரியாவும் சர்க்கரையும் கலந்த நீரில் சோடியம் உப்பைச் சேர்த்தால் கசப்பு குறைகிறது, அடங்கிக் கிடந்த இனிப்பு மேலே வருகிறது. யூரியாவுக்குப் பதில் டானிக் வாட்டர் என்னும் கசப்பான சோடா பானம் போதும். அதில் குயினைனின் கசப்பும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கின்றன. (கர்ப்பிணிகளும் குயினைன் ஒவ்வாதவர்களும் சுவைக்க வேண்டாம்.)

1. சர்க்கரை உள்ள டானிக் வாட்டர் 400 மி.லி. வாங்குங்கள். டயட் வகை வேண்டாம்.

2. 10 கிராம் பொடி உப்பைத் தண்ணீரில் கரைத்து, மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள். 200 மி.லி. டானிக் வாட்டருக்கு 0.4 கிராம் உப்பு வேண்டும். அவ்வளவு குறைவானதைச் சமையல் தராசு சரியாகக் காட்டாது. ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சில் இந்தக் கரைசலை 4 மி.லி. எடுத்தால் அதே அளவு உப்பு வந்துவிடும். டீஸ்பூனை நம்பாதீர்கள்.

3. பெரும்பாலும் சோதனை கெடுவது இங்கேதான். உப்புத்தூளை நேராகப் போட்டால் டானிக் வாட்டர் பொங்கி, அந்தக் கோப்பையில் மட்டும் கேஸ் போய்விடும். சுவைப்பவர் நாக்கில் சுருக்கென்று இல்லாததை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே முதலில் முழுவதையும் டீ ஆற்றுவதுபோல் நுரை அடங்கும்வரை ஆற்றுங்கள். பிறகு 200 மி.லி. வீதம் பிரித்து, ஒன்றில் உப்புக் கரைசல் 4 மி.லி., மற்றதில் வெறும் தண்ணீர் 4 மி.லி. விடுங்கள். தண்ணீர் சேர்க்காவிட்டால் ஒன்று மட்டும் நீர்த்திருக்கும்.

4. இரண்டும் அறை வெப்பத்திலேயே இருக்கட்டும்.

5. சுவைப்பவருக்குத் தெரியாமல், 20 மி.லி. வீதம் மூன்று கோப்பைகள் வையுங்கள். இரண்டில் ஒரே வகை, மூன்றாவதில் மற்ற வகை. உப்புள்ளது உ, இல்லாதது இ என்றால் ஆறு சுற்றுகள்: உஉஇ, உஇஉ, இஉஉ, இஇஉ, இஉஇ, உஇஇ. இந்த வரிசையைக் குலுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்பைக்குப் பிறகும் வாய் கொப்பளிக்க வேண்டும். "எது வேறு?" என்று முதலில் கேளுங்கள். அதன் பிறகே "எதில் இனிப்பு அதிகம்?"

ஆறில் ஐந்து சரியென்றால் நம்பலாம். குருட்டாம்போக்கில் அப்படி அமைய வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அது வேறுபாடு தெரிகிறது என்பதை மட்டுமே காட்டும். உப்புள்ளதே இனிக்கிறது என்று பெரும்பாலும் சொன்னால்தான் பிரெஸ்லின் கண்டது கிடைத்தது. உப்புக் கரிக்கிறது என்றால் 2 மி.லி.யாகக் குறைத்து, தண்ணீரையும் அதே அளவாக்கி மறுபடி செய்யுங்கள்.

பின்சேர்க்கை: இந்துப்பு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம், அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் குளோரைடே கசக்கும். கடுங்காப்பியிலும் முயலலாம். எல்லாக் கசப்புப் பொருளையும் சோடியம் ஒரே அளவில் அடக்குவதில்லை என்பதால், அங்கே வேறுபாடு மங்கலாகத் தெரியக்கூடும்.