என்பிடெல் பாடத்தில் சேர்ந்தவர்கள் சறுக்கும் இடங்கள்

ஐஐடி பேராசிரியரின் பாடத்தைத் தேனியிலோ திட்டக்குடியிலோ இருந்துகொண்டு காசில்லாமல் கேட்கலாம். 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம் தந்த வசதி இது. 2017-இல், என்பிடெல் பாடங்களையும் சேர்த்துத் தரும் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளமும் வந்தது. பாடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல ஆள் கிடையாது. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன.

முதலாவது, வீடியோ பார்ப்பதையே படிப்பு என்று நினைப்பது. நல்ல ஆசிரியர் கணக்குப் போட்டுக் காட்டும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும். வீடியோவை நிறுத்திவிட்டு அடுத்த வரியை நாமே எழுதிப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு "முடிச்சாச்சு" என்பவர்களுக்கு இது தேர்வு அறையில்தான் தெரியவரும்.

அடுத்தது அசைன்மென்ட். வாராவாரம் விடைகள் டெலிகிராமில் சுற்றுகின்றன. எடுத்து நிரப்பினால் 25-க்கு நல்ல மதிப்பெண் வந்துவிடும். மீதி 75 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. அதில் தனியாக 30 எடுக்காவிட்டால் சான்றிதழ் இல்லை. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்தான் கணக்கு என்பதால், எட்டாவது வாரத்தோடு மூட்டை கட்டுபவர்களும் உண்டு. தேர்வு 12 வாரத்துக்கும் சேர்த்துத்தான்.

பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அதற்குத் தனியாக விண்ணப்பித்து, கட்டணமும் கட்ட வேண்டும்.

இந்தப் பாடம் உங்கள் கல்லூரிப் படிப்பின் கணக்கில் சேர வேண்டுமென்றால், அதாவது கிரெடிட் வேண்டுமென்றால், முதலில் துறைத்தலைவரைப் பாருங்கள். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்க, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021-இல் இடம் கொடுத்தது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பது கல்லூரியின் முடிவு. முடித்துவிட்டுச் சான்றிதழை நீட்டினால் 'அருமை, வாழ்த்துகள்' என்று அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாக, சான்றிதழ் வேறு, பட்டம் வேறு. சென்னை ஐஐடியின் டேட்டா சயன்ஸ் பி.எஸ். உண்மையிலேயே பட்டப் படிப்பு, வீட்டிலிருந்தே படிக்கலாம், முக்கியத் தேர்வுகளை மட்டும் நேரில் போய் எழுத வேண்டும். பொறியியல், மருத்துவம், சட்டம் அப்படியல்ல, இவற்றில் ஆன்லைன் பட்டத்துக்கு யுஜிசி அனுமதியே இல்லை. 'வீட்டிலிருந்தே பி.டெக்.' என்று யாராவது போனில் அழைத்தால், பணம் கட்டுமுன் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் படிப்பும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.