டிவியில் படம் திக்கினால் இணையப் பெக்கேஜை மாற்றாதீர்கள்

லப்டொப் திரையை வயர் இல்லாமல் டிவியில் போடும்போது படம் திக்குகிறது, வாயசைவு முன்னே போக சத்தம் பின்னால் வருகிறது என்றால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நம்மில் பலர் உடனே செய்வது இணையப் பெக்கேஜைக் கூட்டுவதுதான். அதுவும் சரிவராவிட்டால் புது ரவுட்டர், அதற்கும் மேல் டிவியையே மாற்றும் யோசனை. இந்தச் செலவில் பெரும்பகுதி வீண். சிக்கல் அநேகமாக வீட்டுக்குள்ளேதான், லப்டொப்புக்கும் டிவிக்கும் இடைப்பட்ட அந்தச் சில அடி தூரத்தில்தான் இருக்கும்.

விண்டோஸ் லப்டொப்பில் விண்டோஸ் பட்டனையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிவியின் பெயரைத் தெரிவு செய்கிறோம் அல்லவா? அது மிராகாஸ்ட் என்ற முறை. வைஃபை தரங்களைக் கவனிக்கும் அமைப்பான வைஃபை அலையன்ஸ் 2012 இல் அறிமுகப்படுத்தியது. லப்டொப் தன் திரையில் தெரிவதையெல்லாம் அந்தக் கணமே வீடியோவாகச் சுருக்கி, வழக்கமாக வைஃபை டிரெக்ட் (இரண்டு கருவிகள் ரவுட்டர் இல்லாமல் நேரே பேசும் முறை) வழியாக டிவிக்கு அனுப்புகிறது. இதற்கு இணையம் தேவையே இல்லை. ரவுட்டர்கூடக் கட்டாயமில்லை.

எனவே எதையும் வாங்குமுன் ஒரு சோதனை. லப்டொப்பிலேயே சேமித்து வைத்திருக்கும் ஒரு வீடியோவை டிவியில் காட்டிப் பாருங்கள். அதுவும் திக்கினால் பெக்கேஜைக் கூட்டிப் பயனில்லை. அது சீராக ஓடி, இணையத்தில் பார்ப்பது மட்டும் திக்கினால் லப்டொப்பின் சொந்தத் திரையைக் கவனியுங்கள். அங்கேயும் நின்று நின்று ஓடினால்தான் இணைய வேகத்தைக் குறை சொல்லலாம்.

அடுத்த தவறு பலருக்குத் தெரியாமலே நடப்பது. என் பார்வையில் திக்கலுக்கு ஆகப் பெரிய காரணமும் இதுதான். பெரும்பாலான லப்டொப்களில் உள்ள வைஃபை கார்டு ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும். வைஃபை பொதுவாக ஓடுவது 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்ற அலைவரிசைகளில். லப்டொப் ரவுட்டருடன் 2.4 கிகாஹேர்ட்ஸிலும் டிவியுடன் 5 கிகாஹேர்ட்ஸிலும் இணைந்திருந்தால், அந்த ஒரே கார்டு இரண்டுக்கும் மாறி மாறி ஓட வேண்டும். குருமண்வெளித் துறையில் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறி மண்டூர்ப் பக்கம் போனவர்களுக்கு இது விளங்கும்: பாதை அக்கரையில் நிற்கும்போது இக்கரையில் இருப்பவர் காத்துத்தான் கிடக்க வேண்டும். லப்டொப் ரவுட்டரிடம் போயிருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் டிவிக்குப் படம் போகாது. அதையே நாம் திக்கலாகப் பார்க்கிறோம்.

இதைக் கண்டுபிடிப்பதும் எளிது. சேமித்த வீடியோவை டிவியில் ஓடவிட்டபடியே, லப்டொப்பை ரவுட்டரிலிருந்து மட்டும் துண்டியுங்கள். வைஃபையை அணைத்துவிடக் கூடாது, அணைத்தால் டிவி இணைப்பும் போய்விடும். வைஃபை பெயரைத் தொட்டு ‘டிஸ்கனெக்ட்’ கொடுத்தால் போதும். உடனே படம் சீரானால் காரணம் பிடிபட்டுவிட்டது. ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் தருமென்றால் லப்டொப்பை அதில் இணையுங்கள். தராத பழைய ரவுட்டர் என்றால், லப்டொப்புக்கு இணையத்தை லேன் வயரில் கொடுத்துவிட்டு வைஃபையை டிவிக்கே ஒதுக்கிவிடலாம். லேன் துளை இல்லாத மெல்லிய லப்டொப்களுக்கு யூஎஸ்பியில் செருகும் அடப்டர் கிடைக்கிறது.

2.4 கிகாஹேர்ட்ஸ் நெரிசலும் சேர்ந்துகொள்கிறது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 என்ற மூன்றுதான். காத்தான்குடியிலோ கல்முனையிலோ மதிலுக்கு மதில் ஒட்டிய வீடுகளில் லப்டொப்பைத் திறந்தால் அயல்வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாக நிற்கும். எல்லாரும் அந்த மூன்றையே பங்குபோட வேண்டும். புளூடூத் ஸ்பீக்கரும் குசினியில் ஓடும் மைக்ரோவேவும் அதே பக்கத்தில்தான் வேலை செய்கின்றன. படுவான்கரைப் பக்கம், வளவுகள் விரிந்து வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி போன்ற இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே 2.4 கிகாஹேர்ட்ஸே போதுமாக இருக்கலாம். ஆகவே நகரத்து உறவினர் சொன்ன தீர்வை அப்படியே உங்கள் வீட்டில் செய்ய வேண்டியதில்லை.

5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். சீமெந்துக் கல் சுவர் இரண்டைக் கடந்தால் நன்றாகவே தளர்ந்துவிடும். எனவே லப்டொப்பும் டிவியும் ஒரே அறையில் இருக்கட்டும். படுக்கையறையில் லப்டொப்பை வைத்துவிட்டு ஹோலில் இருக்கும் டிவிக்கு அனுப்பிப் பார்த்து, டிவி சரியில்லை என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

குரோம்காஸ்ட் அல்லது கூகுள் டிவி உள்ளவர்களுக்குக் கதை வேறு. அங்கே லப்டொப்பிலிருந்து போகும் படம் வழக்கமாக ரவுட்டர் வழியாகவே டிவிக்குப் போகிறது. அதனால் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்பது முக்கியமாகிறது. நம் பக்கத்தில் 4ஜி ரவுட்டரை டவர் சிக்னலுக்காக மேல்மாடி யன்னலில் வைப்பது வழக்கம். இணையத்துக்கு அது நல்ல இடம், கீழே ஹோலில் இருக்கும் டிவிக்கு அல்ல. டிவியின் பின்னால் லேன் துளை இருந்தால் ஒரு வயரை ரவுட்டரிலிருந்து இழுத்துவிடுங்கள், பாதிப் பாரம் குறையும். டிவிக்குப் பின்னால் செருகும் ஸ்டிக் என்றால், டிவியின் உலோக முதுகோடு ஒட்டிக் கிடக்காமல் சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரில் வெளியே எடுத்துவிட்டாலே சிலவேளை வித்தியாசம் தெரியும்.

யூடியூப் பார்ப்பதற்காக முழுத் திரையையும் டிவிக்கு அனுப்புவது இன்னொரு தவறு. லப்டொப் வீடியோவை இறக்கி, விரித்து, திரையில் காட்டி, மறுபடி சுருக்கி, டிவிக்கு அனுப்ப, டிவி அதைத் திரும்ப விரிக்கிறது. இவ்வளவு வேலையும் தேவையில்லை. யூடியூப் பக்கத்திலேயே உள்ள காஸ்ட் அடையாளத்தைத் தொட்டால் டிவி தானே இணையத்திலிருந்து வீடியோவை எடுத்துக்கொள்ளும், லப்டொப் வெறும் ரிமோட் ஆகிவிடும். இன்னும் நல்லது, டிவியில் யூடியூப் செயலி இருந்தால் அதையே திறப்பது.

லப்டொப்பின் நிலையையும் பாருங்கள். பற்றரி சேவரில் ஓடினால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படத்தைச் சுருக்கும் வேலை தடுமாறும். சார்ஜரைச் செருகுங்கள். திரையின் ரெசொலூஷன் 4கே என்றால் 1920க்கு 1080 என்று இறக்குங்கள், ஹோலின் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கிராபிக்ஸ் டிரைவரையும் வைஃபை டிரைவரையும் (அந்தப் பாகங்களை இயக்கும் மென்பொருட்களை) லப்டொப் கம்பனியின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். டிவியை ரிமோட்டில் அணைத்தால் அது உறங்குகிறதே தவிர அணைவதில்லை. பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுப் போடுவதே உண்மையான ரீஸ்டார்ட்.

டிவி பட்டியலில் வரவில்லை, இணைப்பு அறுகிறது என்று ஃபயர்வோலை (லப்டொப்பின் இணையப் பாதுகாப்பு அரணை) முழுதாக அணைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஃபயர்வோல் அமைப்பில் வயர்லெஸ் டிஸ்பிளேக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் செயலி) ஓடினால் அதை நிறுத்திப் பாருங்கள், சில விபிஎன்கள் இந்த இணைப்பையே தடுத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் சிறு தாமதம் இருக்கும். சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்கு நேரம் எடுக்கும், அதைப் பூச்சியமாக்க முடியாது. டிவியில் கேம் மோட் இருந்தால் போடுங்கள், கொஞ்சம் குறையும். படம் பார்க்க அந்தச் சிறு தாமதம் தொந்தரவு தராது. ஆனால் டியூசன் வகுப்பில் உயர்தர மாணவர்களுக்கு முன்னால் கணக்கை எழுதிக் காட்டும் ஆசிரியருக்கு, பேனா ஒரு இடத்திலும் கோடு இன்னொரு இடத்திலும் நின்றால் பாடமே குழம்பிவிடும். கேம் விளையாடும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு எச்டிஎம்ஐ வயர்தான் சரி. 5 மீற்றருக்குள் என்றால் சாதாரண வயரே போதும், அதற்கு மேல் நீளம் வேண்டுமென்றால் கொஞ்சம் தரமானதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்குமுன் லப்டொப்பில் இருப்பது எச்டிஎம்ஐ துளையா, யூஎஸ்பி சீ மட்டும்தானா என்று பாருங்கள். சீ மட்டும் என்றால் அது வீடியோ வெளியிடும் வகைதானா என்று மொடலின் விபரத்தில் உறுதிசெய்த பிறகே அடப்டர் எடுங்கள், சார்ஜ் மட்டும் ஏறும் சீ துளைகளும் உண்டு.