எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? கழற்ற விடமாட்டேன் என்கிறதா?

திருப்பூர்ப் பக்கம் பிரின்டிங், எம்ப்ராய்டரி டிசைன் போடுகிற கடைகளில் ஃபைல் பூராவும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில்தான் கிடக்கும். அது மக்கர் பண்ணினால் அன்றைய வேலை அவ்வளவுதானுங்க. விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். டைப்-சி கேபிளில் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகமும் உண்டு, அதில் டேட்டா போகாது. அப்புறம், சிபியு முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத டிஸ்க் இதை வைத்துத்தான் சுற்ற வேண்டும். அடாப்டர் இல்லாத ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) மவுஸ், பென் டிரைவோடு இதையும் செருகினால் லைட் எரியும், டிஸ்க் வராது. அந்த மாதிரி ஹப்பை நான் காசு கொடுத்து வாங்கமாட்டேன்.

அப்படியும் வரவில்லையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். டிஸ்க் இருந்து டிரைவ் எழுத்து (E:, F: மாதிரி) மட்டும் இல்லையென்றால் அங்கேயே கொடுத்துவிடலாம். ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டால் கேன்சல். ஃபைலை மீட்டபிறகு மற்றதைப் பார்க்கலாம். உள்ளே டிக் டிக் சத்தம் வந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், நோண்ட வேண்டாம்.

கழற்றும்போதுதான் பெரிய இழுபறி. எல்லா விண்டோவையும் மூடிவிட்டு எஜெக்ட் கொடுத்தாலும் 'டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது' என்றே சொல்லும். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று விண்டோஸே எழுதி வைக்கிறது, பலருக்கும் தெரியாது. ஈவென்ட் வியூவரை (விண்டோஸின் பதிவேடு) திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே கெர்னல்-பிஎன்பி (Kernel-PnP) என்ற பெயரில் 225 எண்ணுள்ள வரியைத் தேடுங்கள். தடுத்த புரோகிராமின் பெயரும் புராசஸ் ஐடியும் (அதற்கான எண்) அதிலேயே இருக்கும். டிசைன் சாஃப்ட்வேர் என்றால் சேவ் செய்துவிட்டு மூடுங்கள். எக்ஸ்புளோரர் என்றால் டாஸ்க் மேனேஜரில் ரீஸ்டார்ட் கொடுங்கள். எதுவும் ஆகவில்லையா, ஷட் டவுன் செய்து, கம்ப்யூட்டர் முழுதாக நின்றபின் பிடுங்குங்கள். ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் பிடுங்காதீர்கள்.

2018இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து (1809) 'குயிக் ரிமூவல்'தானே (எஜெக்ட் கொடுக்காமலே கழற்ற விடுகிற செட்டிங்), அப்படியே பிடுங்கினால் என்ன என்பார்கள். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அதுவும் காப்பாற்றாது.

பின்சேர்க்கை: ஈரோட்டு நண்பர் ஒருவருக்கு, சும்மா இருக்கும்போதே டிஸ்க் துண்டித்துக்கொண்டதாம். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப், அதில் பவர் மேனேஜ்மென்ட். மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள்.