சட்டை உரித்த இறால் இறுகவில்லையா? தண்ணீரைப் பாருங்கள்

தாமிரபரணியில் பிடித்த ஆத்து இறால் சிலவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து வருகிறேன். போன ஐப்பசி அடைமழையில், நல்ல தண்ணீர்தானே என்று மாடியில் பிடித்த மழைநீரால் தொட்டியை நிரப்பினேன். இரண்டு நாளில் ஒன்று சட்டை உரித்தது. மூன்று நாளாகியும் தொட்டால் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி அமுங்கியது. நாலாம் நாள் மற்றவை அதைத் தின்றுவிட்டன. தீனியில்தான் குறை என்று நினைத்தேன். இல்லை.

இறாலின் ஓட்டுக்குக் கடினம் தருவது கால்சியம் கார்பனேட். உரித்ததும் பழைய ஓட்டோடு பெரும்பகுதி போய்விடும். உடம்பில் மிஞ்சுவது கொஞ்சம். மீதிக் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்து இழுக்க வேண்டும். தண்ணீர் புளித்திருந்தால், அதாவது அமிலம் கூடியிருந்தால், பைகார்பனேட் கரியமில வாயுவாக மாறிப் போகிறது, கால்சியம் உள்ளே நுழைவதும் தடைபடுகிறது. உடம்பிலுள்ள சோடியமும் வெளியே கசியும். இந்தப் புளிப்பைக் காட்டும் எண்தான் பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். கிரேஃபிஷ் என்ற நன்னீர் இனத்தில் பிஎச் 5.75-க்குக் கீழே போனால் கால்சியம் ஏற்பது குறைந்து, 4-ல் நின்றே போகிறது. சுத்தமான மழைநீரின் பிஎச் சுமார் 5.6. கால்சியமோ அதில் இல்லவே இல்லை என்று சொல்லலாம்.

படி 1: விடியற்காலையில் அளக்கவும்
பாசியும் செடியும் பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் மத்தியானம் பிஎச் ஏறித் தெரியும். விடியலில் அளந்தால்தான் அன்றைய மிகக் குறைந்த அளவு தெரியும். 7-லிருந்து 8.5 வரை நல்லது. எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடிற்று என்று பொருள். காரத்தன்மையையும் (தண்ணீரில் பைகார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவு) பாருங்கள்; லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறையாமல் நான் வைத்துக்கொள்கிறேன்.

படி 2: கிளிஞ்சல் போடவும்
கழுவிய கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிடுங்கள். எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான். தண்ணீர் புளிக்கப் புளிக்க அது கரையும். புளிப்புத் தணிந்ததும் கரைவது தானே குறைந்துவிடும். சோப்பு நுரைக்காத போர்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்தாலும் கால்சியம் கூடும். ஒரே நாளில் தொட்டி முழுவதையும் மாற்றாதீர்கள்.

பதனீக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு வீட்டில் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு பிஎச்சைச் சட்டென்று ஏற்றும். அப்போது தண்ணீரிலுள்ள அம்மோனியா கடும் விஷமாகிவிடும்.

படி 3: உரித்த சட்டையை எடுக்காதீர்கள்
அதைத் தின்றே இறால் கொஞ்சம் கால்சியத்தை மீட்டுக்கொள்ளும். ஒளிந்துகொள்ள உடைந்த கூரை ஓட்டுத் துண்டு ஒன்றும் வையுங்கள்.

படி 4: இறுகுகிறதா என்று பார்க்கவும்
கையில் பிடிக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து, மெல்லிய ஈர்க்குச்சியால் தலையோட்டை லேசாகத் தொடுங்கள். குழிந்தால், மறுநாள் விடியலில் படி 1-லிருந்து மறுபடி தொடங்குங்கள்.